சீருடையைக் கழற்றிய பிறகு தொடங்கிய போர்

1945 ஆகஸ்ட் 23. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான ‘மெடல் ஆஃப் ஹானர்’ பதக்கத்தை அதிபர் ஹாரி ட்ரூமன் கையால் பெற்றார் மக்காரியோ கார்சியா. மெக்சிகோவில் பிறந்து, டெக்சஸின் பருத்தி வயல்களில் வேலை பார்த்து வளர்ந்தவர் அவர். ஜெர்மனியில் நடந்த சண்டையில், உடம்பில் காயத்தோடு முன்னேறி, எதிரிகளின் இரண்டு இயந்திரத் துப்பாக்கி நிலைகளைத் தனியாளாக அழித்தவர். பதக்கம் வாங்கி ஒரு மாதம்கூட முடியவில்லை. டெக்சஸின் ரிச்மண்ட் நகரில் ஓர் உணவகத்துக்குள் நுழைந்தவரிடம், மெக்சிகர்களுக்கு இங்கே எதுவும் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். வாக்குவாதம் கைகலப்பில் முடிந்தது. அவருக்கு அடியும் விழுந்தது, வழக்கும் அவர் மீதே பாய்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சீருடை அணிந்த மெக்சிக வம்சாவளியினர் இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. ஊர் திரும்பிய அவர்களுக்கு, போருக்குப் போகும்போது விட்டுச்சென்ற டெக்சஸ் அப்படியே காத்திருந்தது. தனிப் பள்ளி, தனிக் குடியிருப்பு, தனிக் கல்லறை. நாட்டுக்காக ரத்தம் சிந்தினால் நாடு தானாக மதித்துவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு பொய் என்பதை அவர்கள் நேரடியாகக் கண்டார்கள்.

அந்தப் பொய்யை உடைக்கத் தன் வாழ்நாளைக் கொடுத்தவர் டாக்டர் ஹெக்டர் பி. கார்சியா. மக்காரியோவுக்கும் இவருக்கும் உறவில்லை. பெயர் ஒற்றுமை மட்டுமே. ராணுவ அதிகாரி, முன்னாள் வீரர்களின் சங்கத் தலைவர், ஏழைகளின் மருத்துவர் என்று மூன்று விதமாக அவரைப் பற்றிச் சொல்வது வழக்கம். ஆனால், இந்த மூன்றும் ஒரே பணி. போர்க்களத்தில் சக வீரனைக் கைவிடக் கூடாது என்று கற்ற பாடத்தை, ஊர் திரும்பிய பிறகும் அவர் விடவில்லை. ஒரு படைவீரரின் வாழ்வை எப்படி நினைவுகூர வேண்டும் என்பதற்கு அவரைவிடச் சிறந்த பாடம் இல்லை.

கடை வைத்துப் படிக்கவைத்த ஆசிரியர்கள்

1914 ஜனவரி 17 அன்று மெக்சிகோவின் தமௌலிபாஸ் மாநிலத்தில் யேரா என்ற சிற்றூரில் பிறந்தார் ஹெக்டர். பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். மெக்சிகப் புரட்சியின் கொந்தளிப்பிலிருந்து தப்பி, எல்லை தாண்டி டெக்சஸின் மெர்சிடிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது குடும்பம். அங்கே அவர்களுடைய ஆசிரியர் தகுதி செல்லுபடியாகவில்லை. ஜவுளிக் கடை வைத்துப் பிழைத்தார்கள். ஆனால், பிள்ளைகளின் படிப்பில் மட்டும் தந்தை கறாராக இருந்தார். மகனின் கல்லூரிச் செலவுக்காகத் தன் ஆயுள் காப்பீட்டையே கரைத்தார். பிள்ளைகளில் ஆறு பேர் மருத்துவர்கள் ஆனார்கள்.

1940-ல் கால்வெஸ்டன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஹெக்டருக்கு, டெக்சஸில் எந்த மருத்துவமனையும் பயிற்சி மருத்துவராக இடம் தரவில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா வரை போய்த்தான் பயிற்சியை முடித்தார். 1942-ல் தாமாக முன்வந்து ராணுவத்தில் சேர்ந்தார். முதலில் காலாட்படை, பிறகு பொறியாளர் படை, அதன் பிறகே மருத்துவப் பிரிவு. வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பணியாற்றி, மேஜர் பதவியோடும் ‘வெண்கல நட்சத்திர’ப் பதக்கத்தோடும் ஆறு போர் நட்சத்திரங்களோடும் திரும்பினார். நேபிள்ஸ் நகரில் சந்தித்த வாண்டா ஃபுசில்லோவை மணந்து, டெக்சஸின் கடலோர நகரமான கார்பஸ் கிறிஸ்டியில் 1946-ல் குடியேறினார்.

சட்டம் இருந்தது, பலன் வரவில்லை

அவர் மருத்துவமனை திறந்த இடம், முன்னாள் வீரர் நல அலுவலகத்துக்குப் பக்கத்தில். அங்கே அவர் கண்ட காட்சிகள்தான் அவரைப் பொதுவாழ்வுக்குள் இழுத்தன.

1944-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ‘ஜி.ஐ. சட்டம்’ (‘ஜி.ஐ.’ என்பது அமெரிக்கப் படைவீரரைக் குறிக்கும் சொல்), போரிலிருந்து திரும்புவோருக்குப் பல உரிமைகளைத் தந்திருந்தது. ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணம், வீட்டுக் கடனுக்கு அரசின் உத்தரவாதம், வேலை கிடைக்காதவர்களுக்கு ஓராண்டு வரை வாரம் 20 டாலர் என்று தாராளமான சட்டம். அமெரிக்காவின் நடுத்தர வர்க்கத்தை உருவாக்கிய சட்டம் என்றே அதைக் கொண்டாடுகிறார்கள். அதே சட்டத்தின் கீழ் மெக்சிக வம்சாவளி வீரர்களுக்கு வர வேண்டிய காசோலைகள் மாதக்கணக்கில் வரவில்லை. எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்று சொல்ல ஆளில்லை. நோயுற்ற வீரர்களுக்கு மருத்துவமனையில் படுக்கை கிடைக்கவில்லை. அலுவலகத்தில் அலைந்து ஓய்ந்தவர்கள், பக்கத்திலேயே இருந்த டாக்டரிடம் வந்து குமுறினார்கள். அவர் வைத்தியமும் பார்த்தார். மனுவும் எழுதிக் கொடுத்தார். கையில் காசில்லாதவர்களிடம் வாங்கவில்லை.

1948-ல் அருகிலுள்ள மாத்திஸ் பகுதியில் விவசாயக் கூலிகள் தங்கியிருந்த முகாம்களை நேரில் போய்ப் பார்த்தார். ஊட்டமில்லாத குழந்தைகளையும், வயிற்றுப்போக்கையும், காசநோயையும், சுகாதாரமற்ற குடிசைகளையும் கண்டார். மருந்துச்சீட்டு எழுதி மட்டும் இந்த நோய்களைத் தீர்க்க முடியாது என்பது அவருக்குப் புரிந்துபோனது. நோயின் வேர் பள்ளியிலும் வாக்குச்சாவடியிலும் அரசு அலுவலகத்திலும் இருந்தது.

ஒரு பள்ளிக்கூடத்தில் பிறந்த சங்கம்

1948 மார்ச் 26 அன்று கார்பஸ் கிறிஸ்டியின் லமார் தொடக்கப் பள்ளியில் சுமார் 700 முன்னாள் வீரர்கள் கூடினார்கள். ‘அமெரிக்கன் ஜி.ஐ. ஃபோரம்’ அன்று பிறந்தது. முதல் கோரிக்கைகள் எளியவை: நிலுவைத் தொகை வேண்டும், மருத்துவமனையில் படுக்கை வேண்டும், ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் குழுக்களில் தங்கள் சமூகத்தவருக்கும் இடம் வேண்டும். போருக்கு யாரை அனுப்புவது என்று முடிவெடுக்கும் மேசையில், அனுப்பப்படுகிறவர்களின் ஆள் ஒருவர்கூட இல்லை என்பது அவர்களை ஆழமாகக் காயப்படுத்தியிருந்தது.

‘அமெரிக்கன்’ என்ற பெயரைத் தெரிந்தேதான் வைத்தார்கள். நாங்கள் விருந்தாளிகள் இல்லை, இந்த நாட்டுக்காகச் சண்டையிட்ட குடிமக்கள் என்பதுதான் அதன் பொருள். அந்த வாதத்துக்கு டெக்சஸ் அரசியல்வாதிகளிடம் பதில் இருக்கவில்லை.

முன்னாள் வீரர் சங்கங்கள் அமெரிக்காவில் ஏற்கெனவே பல இருந்தன. அணிவகுப்பு, நினைவஞ்சலி, மாலை நேரச் சந்திப்பு என்பதோடு நின்ற கிளைகளும் அவற்றில் உண்டு. ஃபோரம் வேறு வழியில் போனது. வீரர்களின் மனைவியருக்கு மகளிர் அணி, பிள்ளைகளுக்கு இளையோர் அணி என்று குடும்பத்தையே உள்ளே கொண்டுவந்தது. விருந்து சமைத்து விற்றும் நடன நிகழ்ச்சிகள் நடத்தியும் நிதி திரட்டினார்கள். பள்ளி திறக்கும் பருவத்தில் வீடு வீடாகப் போய், பிள்ளைகளை வயலுக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பும்படி பெற்றோரிடம் மன்றாடினார்கள். டெக்சஸில் அப்போது வாக்களிக்க 1.75 டாலர் தலைவரி கட்ட வேண்டும். வயலில் கூலிக்கு வேலை பார்க்கும் குடும்பத்துக்கு அது சிறிய தொகை இல்லை. அந்த வரியைக் கட்டி வாக்காளராகப் பதிவு செய்யும் இயக்கத்தை ஊர் ஊராக நடத்தினார்கள். கல்வியே நம் விடுதலை, விடுதலை எல்லோருடைய கவலையாகவும் இருக்க வேண்டும் என்பதே ஃபோரத்தின் முழக்கம்.

தோழமை என்பது ஒன்றாக உட்கார்ந்து பழைய கதை பேசுவதோடு முடிவதில்லை, ஒருவருக்கு வர வேண்டியதை எல்லோரும் சேர்ந்து கேட்பதே தோழமை என்று இந்தச் சங்கம் நடந்து காட்டியது. அதன் உண்மையான சோதனை அடுத்த ஆண்டே வந்தது.

இறந்த வீரனுக்கும் இடமில்லை

ஃபெலிக்ஸ் லாங்கோரியா, டெக்சஸின் த்ரீ ரிவர்ஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். 1945 ஜூனில் பிலிப்பைன்ஸின் லூசான் தீவில், தாமாக முன்வந்து சென்ற ரோந்துப் பணியில் கொல்லப்பட்டார். மூன்றரை ஆண்டுகள் கழித்து, 1949 ஜனவரியில் அவருடைய உடல் சொந்த ஊருக்கு வரவிருந்தது. மனைவி பியாட்ரிஸ், ஊரில் இருந்த ஒரே இறுதிச்சடங்கு நிலையத்தை அணுகினார். அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யலாம், ஆனால் சடங்குக் கூடத்தைத் தர முடியாது, வெள்ளையர்களுக்குப் பிடிக்காது என்று பதில் வந்தது. அந்த ஊரின் கல்லறைத் தோட்டத்திலேயே மெக்சிகர்களின் பகுதியை முள்கம்பி வேலி பிரித்து வைத்திருந்தது.

பியாட்ரிஸின் சகோதரி, ஃபோரத்தின் ஆதரவில் இயங்கிய இளம்பெண்கள் குழுவில் இருந்தவர். அவர் மூலம் செய்தி கார்சியாவுக்குப் போனது. கார்சியா உடனே ஆவேச அறிக்கை விடவில்லை. முதலில் தொலைபேசியை எடுத்து நிலையத்தின் உரிமையாளரையே அழைத்தார். அதே இணைப்பின் இன்னொரு ரிசீவரை கார்சியாவின் பெண் செயலாளர் காதில் வைத்துக்கொண்டு, பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்தார். இறந்தவர் போர்வீரர் ஆயிற்றே, அதற்காகவாவது விதிவிலக்கு கிடையாதா என்று கேட்டார் கார்சியா. அதனால் எந்த வித்தியாசமும் இல்லை என்றார் உரிமையாளர். இந்தப் பதிலும் காரணமாக அவர் சொன்னவையும் காகிதத்தில் ஏறின. பின்னாளில் நடந்த விசாரணையில் அந்தச் சுருக்கெழுத்துக் குறிப்பு முக்கியமான சான்றாக நின்றது.

அடுத்து, அதிகாரிகளுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் 17 தந்திகள் பறந்தன. விரைவிலேயே, ஃபோரம் பிறந்த அதே லமார் பள்ளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். அங்கே வாசிக்கப்பட்டது, அப்போதுதான் செனட் உறுப்பினராகியிருந்த லிண்டன் ஜான்சனின் பதில் தந்தி. சிலருடைய தப்பெண்ணம் மரணத்துக்கு அப்பாலும் நீளுவதற்கு வருந்துவதாகவும், தனியார் சடங்கு நிலையங்கள் மீது தனக்கு அதிகாரம் இல்லையென்றும், ஆனால் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்ய ஏற்பாடு செய்துவிட்டதாகவும் அவர் தெரிவித்திருந்தார். 1949 பிப்ரவரி 16 அன்று வாஷிங்டன் அருகே ஆர்லிங்டனில் லாங்கோரியா அடக்கம் செய்யப்பட்டார். ஜான்சனும் அவருடைய மனைவியும் வந்திருந்தார்கள். அதிபர் ட்ரூமன் தன் பிரதிநிதியை அனுப்பியிருந்தார்.

டெக்சஸ் சட்டமன்றம் ஐந்து பேர் குழு அமைத்து விசாரித்தது. பாகுபாடு எதுவும் நடக்கவில்லை என்று பெரும்பான்மை அறிக்கை தயாரானது. ஓர் உறுப்பினர் அதில் கையெழுத்துப் போட மறுத்து மாற்றுக் கருத்து எழுதினார். கையெழுத்திட்டவர்களில் ஒருவர் பிறகு தன் பெயரை விலக்கிக்கொண்டார். கடைசியில் அந்த அறிக்கை சட்டமன்றப் பதிவேட்டில் ஏறவே இல்லை. ஒரு சாதாரணச் சிப்பாயின் இறுதிச்சடங்கு, ஒரு சமூகத்தின் உரிமைப் போராட்டத்தை நாடு முழுக்கக் கேட்கவைத்துவிட்டது.

பள்ளி வகுப்பிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை

மெக்சிக வம்சாவளிக் குழந்தைகளைத் தனியே பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று 1948 ஜூனில், டெல்காடோ வழக்கில், கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த பிறகும் பள்ளிகள் வழி கண்டுபிடித்தன. மொழி தெரியவில்லை என்று காரணம் சொல்லி, தனி வகுப்புகளில் ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்தன. கார்பஸ் கிறிஸ்டி அருகே டிரிஸ்கால் பள்ளியில், ஸ்பானிஷ் பேசவே தெரியாத ஒரு குழந்தையைக்கூட ‘மெக்சிகர் வகுப்பில்’ உட்கார வைத்தார்கள். ஃபோரத்தின் ஆதரவோடு நடந்த வழக்கில் 1957-ல் அந்த ஏற்பாட்டையும் நீதிமன்றம் தள்ளியது.

இதற்கு நடுவில் வந்தது, ஜூரிகள் தேர்வில் நடந்த பாகுபாட்டை எதிர்த்த ஹெர்னாண்டஸ் வழக்கு. டெக்சஸின் ஜாக்சன் வட்டாரத்தில் 25 ஆண்டுகளாகச் சுமார் 6,000 பேர் ஜூரிகளாக இருந்திருக்கிறார்கள்; அவர்களில் மெக்சிகப் பெயர் கொண்டவர் ஒருவர்கூட இல்லை. அந்த நீதிமன்றக் கட்டடத்திலேயே கழிப்பறை பிரித்து வைக்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர்கள் கஸ் கார்சியாவும் கார்லோஸ் கடேனாவும் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார்கள். ஜி.ஐ. ஃபோரமும், 1929-ல் கார்பஸ் கிறிஸ்டியிலேயே தொடங்கப்பட்ட, லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடிமக்களின் உரிமை அமைப்பான லூலாக்கும் செலவுக்குப் பணம் திரட்டித் தந்தன. 1954 மே 3 அன்று, அரசமைப்பின் 14-வது திருத்தம் தரும் பாதுகாப்பு மெக்சிக வம்சாவளியினருக்கும் உண்டு என்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தலைமையிலான அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கறுப்பினக் குழந்தைகளின் பள்ளி உரிமையை நிலைநாட்டிய புகழ்பெற்ற பிரௌன் தீர்ப்புக்கு இரண்டு வாரம் முந்தையது இது.

மறைக்கக் கூடாத குறை

நினைவஞ்சலி என்றால் புகழ்மாலை மட்டும் என்று நினைப்பது, நினைவுகூரப்படுகிறவருக்கே நாம் செய்யும் அநீதி. ஃபோரத்தின் தோழமைக்கு ஓர் எல்லை இருந்தது. 1953-ல், டெக்சஸ் தொழிலாளர் கூட்டமைப்புடன் சேர்ந்து, ஆவணமின்றி எல்லை தாண்டி வரும் மெக்சிகக் கூலிகளுக்கு எதிராக அது அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கையின் தலைப்பிலேயே அவர்களை இழிவாகக் குறிக்கும் சொல் இருந்தது. குறைந்த கூலிக்கு வருகிறவர்களால் உள்ளூர்க் குடிமக்களின் பிழைப்பு கெடுகிறது என்பது அவர்களுடைய வாதம். குடியுரிமையையே ஆயுதமாக எடுத்தவர்கள், குடியுரிமை இல்லாத தம் இனத்தவரை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். குழந்தையாக எல்லை தாண்டி வந்த ஒருவர் கட்டிய சங்கம் இப்படிச் செய்தது என்பது வருத்தத்துக்குரியது. வியட்நாம் போர்க்காலத்தில், அப்போது அதிபராகியிருந்த ஜான்சன் பக்கம் கார்சியா நின்றதை, அடுத்த தலைமுறையின் தீவிர இளைஞர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்திலும் நியாயம் இருந்தது.

ஆனால், பதவிக்கு அருகே போனதும் தெருவை மறந்துவிட்டார் என்று அவரைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. 1967-ல் ஐ.நா. சபைக்கான அமெரிக்கக் குழுவில் ஜான்சன் அவரை நியமித்தார். அங்கே அமெரிக்காவின் பிரதிநிதியாக நின்று ஸ்பானிஷில் உரையாற்றினார். ஆங்கிலம் அல்லாத மொழியில் அப்படிப் பேசிய முதல் அமெரிக்கப் பிரதிநிதி அவர்தான். அடுத்த ஆண்டு அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையத்தில் இடம்பெற்றார். இத்தனைக்கும் பிறகு, 1972-ல், 58 வயதில், கார்பஸ் கிறிஸ்டியில் பள்ளிகளில் நீடித்த பாகுபாட்டை எதிர்த்து உள்ளிருப்புப் போராட்டத்தில் உட்கார்ந்து கைதானார். இவ்வளவுக்கும் நடுவில் மருத்துவத்தையும் அவர் விடவில்லை.

1984-ல் நாட்டின் மிக உயரிய குடிமை விருதான சுதந்திரப் பதக்கத்தை அதிபர் ரீகன் அவருக்கு அணிவித்தார். விழா நடந்த நாள் மார்ச் 26. 36 ஆண்டுகளுக்கு முன் அதே நாளில்தான் 700 பேர் லமார் பள்ளியில் கூடினார்கள். 1996 ஜூலை 26 அன்று, 82 வயதில் கார்சியா மறைந்தார். அவருடைய கடிதங்களும் ஆவணங்களும் கார்பஸ் கிறிஸ்டியில் உள்ள டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

எது நினைவஞ்சலி?

படைவீரரைப் போற்றுவது எந்த நாட்டுக்கும் எளிது. ஆண்டுக்கொரு நாள், ஒரு மலர் வளையம், ஒரு நிமிட மௌனம். செலவில்லாத மரியாதை அது. லாங்கோரியாவின் பெயரை அவருடைய ஊர் அஞ்சலகத்துக்குச் சூட்ட வேண்டும் என்று 2000-களில் கோரிக்கை எழுந்தபோதும் அங்கே எதிர்ப்பு கிளம்பியது. அரை நூற்றாண்டு ஓடியும் ஒரு பெயர்ப்பலகைக்கே இவ்வளவு தயக்கம் என்றால், உயிரோடிருக்கும் வீரருக்கு உரிய ஓய்வூதியமும் சிகிச்சையும் மதிப்பும் தானாக வந்து சேரும் என்று எப்படி நம்புவது?

கார்சியாவின் வாழ்க்கை இதற்குத் தெளிவான பதிலைச் சொல்கிறது. செய்த சேவை தானாக உரிமையாக மாறிவிடாது. யாராவது மனு எழுத வேண்டும். தொலைபேசியில் சொன்னதைக் குறித்துவைக்க வேண்டும். வீடு வீடாகப் போக வேண்டும். வழக்குக்குப் பணம் திரட்ட வேண்டும். புகழ் தராத, புகைப்படத்தில் வராத இந்த வேலைகளை 50 ஆண்டுகள் சலிக்காமல் செய்தவர் என்பதால்தான் அவர் பெரிய மனிதர். வெண்கல நட்சத்திரப் பதக்கம் அவருடைய வாழ்வின் முதல் அத்தியாயத்துக்கு மட்டுமே உரியது.

எனவே, ஒரு முன்னாள் வீரர் மறையும்போது அவருடைய படைப்பிரிவையும் பதக்கங்களையும் பட்டியலிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். ஊர் திரும்பிய பிறகு அவர் யாருக்காக அலைந்தார், எந்தச் சங்கத்தைக் கட்டினார், யாருடைய பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்தார் என்று கேட்டு எழுதுங்கள். அவர் பாதியில் விட்டுப்போன மனு ஒன்று மேசையில் கிடந்தால், அதை எடுத்துக்கொண்டு உரிய அலுவலகத்துக்குப் போங்கள். வீரருக்குச் செய்யும் அஞ்சலி அதுதான்.